அம்மா மாற்றாத கடைசி வரி

பிள்ளைகளே, நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். கதை கட்டத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நம் சின்னவன்தான். தசரா லீவுக்கு ஹாஸ்டலில் இருந்து வந்தவன் பையைக் கீழே வைப்பதற்குள், "நைனா, அம்மா சொன்ன கதைய எங்க ரூம்ல எல்லாருக்கும் சொன்னேன். செம கைதட்டு" என்றான். எனக்குச் சந்தோஷம்.

"முடிவு எப்படிடா சொன்னே?"

"அந்த ஆளு கடைசில பொண்டாட்டி கால்ல வுழுந்துட்டான்னு சொன்னேன். அங்கதான் நைனா கைதட்டு."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கிளற ஆரம்பித்தாள். அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லி அவளிடம் யார் யாரெல்லாம் கேட்டார்கள், அதற்காக நம் வயலே காயப் பார்த்தது, இதெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நீங்கள் அப்போது ஹாஸ்டலில் இருந்தீர்கள். அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து படியுங்கள்.

என் அண்ணன், உங்கள் பெரிய நைனா, வருஷா வருஷம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு வேஷம் கட்டுவது உங்களுக்குத் தெரியும். மீசையை மழித்து, சவுரி வைத்து, மல்லிகைப்பூ சுற்றி, முகம் முழுக்க மஞ்சள் பூசி, புடவை கட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால் எனக்கே அடையாளம் தெரியாது. உங்களுக்குத் தெரியாதது, அந்த வேண்டுதலை வைத்தது அவர் இல்லை என்பது. கல்யாணமான புதிதில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தபோது, உங்கள் பெரியம்மாதான் வேண்டிக்கொண்டார். 'தாயே, இவரை எழுப்பிக் குடு. வருஷம் தவறாம உன் வேஷத்தைப் போட்டு உன் வாசலுக்கு அனுப்பறேன்.' அவர் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து வேண்டுதல் பெரியம்மாவுடையது, வேஷம் பெரிய நைனாவுடையது. புடவையும் பெரியம்மாவுடையதுதான். தாய்வீட்டில் சீராகக் கொடுத்த மாம்பழக் கலர் புடவை, அரக்கு பார்டர்.

ஜாத்திரை அன்று அவர் விரதம் இருப்பார். ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. நடையே மாறிவிடும். தெருவில் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் காலில் விழுவார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், கைக்குழந்தையைக் கொண்டுவந்து காலடியில் போடுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன். அது அண்ணன் இல்லை, கங்கம்மா என்று நினைத்துத்தான் விழுந்தேன். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. ஊர் திரும்பினதும் அவரை வாசலில் நிற்க வைத்துப் பெரியம்மாவும் விழுவார். அதன் பிறகு அவர் உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்து ஒரு மூலையில் போட்டுவிட்டு, லுங்கி கட்டிக்கொண்டு சொல்வார்: "பசிக்குது. சோறு எடுத்து வை. அதைத் தோச்சிப் போடு."

போன வருஷ ஜாத்திரைக்கு மறுநாள் காலையில் வயலில் மோட்டார் தொட்டிக்குப் பக்கத்தில் பெரியம்மா அந்தப் புடவையைத் துவைத்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா எதிரே நின்று மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். நான் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். மஞ்சள் கறை போகவில்லை. ஊக்கு குத்திக் குத்தி முந்தானை சல்லடையாகி இருந்தது. ஜாக்கெட் முதுகுப்பக்கம் கிழிந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு ஜாக்கெட் அப்படிப் போகும்.

பெரியம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இதே பொடவையத்தான் நானும் நல்லது கெட்டதுக்குக் கட்டிகினு போறேன். ஒரு ஆளு ஓரமா ஒதுங்கி வழி வுட்டது கெடையாது. அவுரு ஒரு நாள் கட்டினா ஊரே வுழுது. அப்ப அம்மா யாரு மேல வர்றா, பொடவை மேலயா, அவுரு மேலயா?"

நான் சிரித்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

அம்மா ஸ்ரீசிட்டியில் பார்ட்ஸ் அடுக்குகிற கம்பெனிக்குப் போகிறாள் அல்லவா. கம்பெனி பஸ்ஸில் பெரும்பாலும் பெண்கள். நம் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பாதி, தெலுங்குப் பெண்கள் பாதி. போகும்போது தூங்குவார்கள், வரும்போது மாமியார் கதை பேசுவார்கள். பெரியம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை அம்மாவுக்குள் கிடந்து என்ன செய்ததோ, ஒரு நாள் பஸ்ஸில், "ஒரு ஊர்ல ஒரு பொம்பள இருந்தா, அவகிட்ட ஒரே ஒரு நல்ல பொடவை இருந்துச்சி" என்று ஆரம்பித்துவிட்டாள். கம்பெனி கேட் வந்ததும் நிறுத்தினாள். சாயங்காலம் பஸ் ஏறியதும் ஒரு தெலுங்குப் பெண், "அக்கா, தர்வாத்த ஏமாயிந்தி?" என்று கேட்டிருக்கிறாள், அப்புறம் என்ன ஆச்சு என்று. அம்மாவும் கொஞ்சம் சொன்னாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். பாதியில் ஒரு ஸ்டாப்பில் இறங்க வேண்டியவள் இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரை வந்து திட்டு வாங்கினாள் என்று கேள்வி.

கதையின் கடைசி இதுதான். வேஷம் கட்டினவன் வீட்டுக்கு வருகிறான். கும்பிட வந்தவர்கள் எல்லாம் போய்விடுகிறார்கள். புடவையை அவிழ்த்துப் போட்டு, "தோச்சி வை" என்கிறான். அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். துவைக்கவில்லை. மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருக்க, அதைத் தான் கட்டிக்கொண்டு, அவன் நின்ற அதே வாசலில் வந்து நிற்கிறாள். "இப்ப நான் கட்டிகினேன். வா, வந்து கும்புடு" என்கிறாள். அவன் அவளைப் பார்த்து நின்றுகொண்டே இருக்கிறான்.

அவ்வளவுதான் கதை. பஸ்ஸில் பெரிய சண்டை நடந்ததாம். ஒருத்தி அவன் அடித்தான் என்கிறாள், ஒருத்தி விழுந்தான் என்கிறாள், டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, "தண்ணி குடுங்கடி அந்த ஆளுக்கு, காலைலேந்து வெரதம்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தத் தெலுங்குப் பெண்ணின் அக்கா திருப்பதியில் காலேஜில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். அவரும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து, கம்பெனிக்கும் கூலிக்கும் போகிற பெண்கள் தங்கள் மனதில் இருப்பதைக் கதையாகச் சொல்வதற்கென்று ஒரு கூட்டம் நடத்துவார்கள். தெலுங்கோ தமிழோ, எது வாயில் வருகிறதோ அதில் சொல்லலாம். தங்கை போனில் பதிவுசெய்து அனுப்பின அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு, அவரே போன் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தக் கதையைச் சொல்ல வேண்டும், எழுதியும் தந்தால் மற்றவர்கள் கதைகளோடு சேர்த்துப் புத்தகமாகப் போடுவோம் என்றார்.

அம்மா படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் பேசுவாள், எழுத வராது. ஆகவே எழுதுகிற வேலை எனக்கு வந்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், நான் எழுதினேன். நானும் படித்தவன் ஆயிற்றே, கொஞ்சம் அழகாக எழுதலாம் என்று, 'அவள் உள்ளம் அனலில் இட்ட புழுவாய்த் துடித்தது' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"எவ துடிச்சா?"

"கதைல வர்ற பொம்பளதான்."

"அவ துடிக்கல. பொடவையில எத்தினி ஓட்டைன்னு பாத்துகினு இருந்தா. அத எழுது."

அடித்துவிட்டு அதை எழுதினேன். கடைசி வந்தது. அவளைக் கேட்காமல் நானே, அவன் விழுந்து வணங்கினான் என்று எழுதிவிட்டேன். நம் சின்னவன் என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

"இன்னாயா எழுதினே? அவன் வுழல."

"வுழுந்தா நல்லா இருக்கும்மே. கேக்கறவங்களுக்கு ஒரு திருப்தி."

"திருப்தியாயிட்டா ஊட்டுக்குப் போய் தூங்கிடுவாங்க. நின்னுகினே இருந்தான்னாதான் ஒவ்வொருத்திக்கும் அவ ஊட்டு ஆளு கண்ணு முன்னாடி வந்து நிப்பான். வுழுவானா மாட்டானான்னு அவ பாப்பா. அது அவ பாடு. நான் சொல்லக் கூடாது."

அடித்துவிட்டேன். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

இதற்குள் கதை பஸ்ஸில் இருந்து இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது. டீக்கடையில் எவனோ உங்கள் பெரிய நைனாவைப் பார்த்து, "இன்னாண்ணா, பொடவை காஞ்சிடுச்சா? அண்ணி வாசல்ல நிக்கறாங்களாமே" என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தார்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்தவர் தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேச மாட்டார். அவள் கதவுக்குப் பின்னால், அவர் வாசலில், நடுவில் நான். பேச்செல்லாம் என் வழியாகப் போக வேண்டும்.

"டேய், உன் பொண்டாட்டி பஸ்ஸுல இன்னாமோ கதை சொல்லிகினு போறாளாமே? ராஜா கதை ராணி கதை சொல்லட்டும். என் கதை இன்னாத்துக்கு?"

கதவுக்குப் பின்னால் இருந்து அம்மா: "அது அவுரு கதைன்னு யாரு சொன்னாங்கன்னு கேளு."

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணா, அது உன் கதைன்னு..."

"எனக்குக் காது கேக்குதுடா. கங்கம்மாவ வெச்சு வெளையாடக் கூடாதுன்னு சொல்லு. கண்ணு போயிடும்."

"நான் அம்மாவ ஒரு வார்த்த சொல்லல. அம்மா வந்தா, நெசம்தான். வந்து எறங்கின பொடவை யாருதுன்னுதான் கேட்டேன்."

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிதான் மிச்சம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குரலை இறக்கினார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு நின்றவர். அவர் போன பிறகு வந்த பட்டா நிலத்தைக் கல் பொறுக்கிக் கழனியாக்கினது அண்ணன்தான். என்னைத் தோளில் சுமந்தவர்.

"சரி, போவட்டும்" என்றார். "படிச்சவங்க கூப்ட்டிருக்காங்க, நமக்கும் மரியாததான். கடைசிய மட்டும் மாத்திக்கட்டும். அந்தப் பொம்பள அவன் கால்ல வுழுந்து, தாயே காப்பாத்துன்னு கும்புட்டான்னு சொல்லட்டும். ஒரே ஒரு வரி. நானே புத்தூர் வரைக்கும் வண்டில கொண்டாந்து வுடறேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு வரிதானே. நான் கதவுப் பக்கம் திரும்புவதற்குள் அம்மா கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், ஆனால் தலை குனியவில்லை.

"மாமா, அக்கா வருஷா வருஷம் வுழுவுறாங்க. எல்லாரும் பாக்கறாங்க. அதச் சொல்றதுக்கு நான் எதுக்குத் திருப்பதிக்குப் போவணும்? நடக்காததச் சொல்லத்தான் கத வேணும்."

கல்யாணமாகி வந்ததில் இருந்து அன்றுதான் அவள் அவரிடம் நேராகப் பேசினாள்.  அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மோட்டார் சாவி வரவில்லை.

நம் வயலில் போர் கிடையாது. போர் அண்ணன் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாள் அவர் பயிருக்கு, ஒரு நாள் நம் பயிருக்கு. காலையில் சாவி நம் வீட்டுக்கு வந்துவிடும், இத்தனை வருஷத்தில் கேட்டு வாங்கினதில்லை. அப்போது வேர்க்கடலை பூ முடிந்து விழுது இறங்குகிற நேரம். மண் ஈரமாக இருந்தால்தான் விழுது உள்ளே போய்க் காய் பிடிக்கும். காய்ந்து கிடந்தால் மேலேயே கருகிவிடும். மழையும் ஏமாற்றிவிட்டது. நம் முறை வந்தது, சாவி வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. உச்சி வெயிலில் செடி இலையை மடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

"பயிரு வாடுது."

"பாத்தேன்."

"அண்ணன் கால்ல கைல வுழுந்தாவது..."

"யாரு வுழுவுறது?" என்றாள். பிறகு அவளே சாந்தமாகச் சொன்னாள். "எனக்கும் பயம்தான்யா. அந்த வேர்க்கல்லய நம்பித்தான் புள்ளைங்க பீஸு. ஆனா தண்ணிக்காக அந்தப் பொம்பளய வுழ வெச்சிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு பஸ்ஸு ஏறுவேன்? நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். மாமா சொன்னா நிறுத்த மாட்டேன். அக்கா சொன்னா நிறுத்திடுவேன். அது அக்கா மனசுல இருந்த வார்த்த. கேக்காம எடுத்துகினேன். இப்ப போய்க் கேக்கறேன்."

பெரியம்மா வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். நான் புல்லுக்கட்டைத் தூக்கிவிடுகிற சாக்கில் கூடப் போனேன். அம்மா எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா, உன் வார்த்தய எடுத்துதான் கத சொல்லிகினு இருக்கேன். நீ வேணாம்னு சொல்லு, இத்தோட வாயக் கட்டிடறேன்."

"இன்னா கதன்னே எனக்கு முழுசா தெரியாதுடி" என்றார் பெரியம்மா. "ஆளுக்கு ஒரு துண்டு வந்து சொல்றாளுங்க. ஒருத்தி நான் அவுர அடிச்சேன்னு சொல்றா. நீ மொதல்லேந்து சொல்லு."

அம்மா முதலில் இருந்து சொன்னாள். பெரியம்மா கை நிற்கவில்லை, புல் சரக் சரக்கென்று விழுந்துகொண்டிருந்தது. கதையில் வருகிறவள் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற இடத்தில் அரிவாள் நின்றது.

"அவன்?"

"நின்னுகினே இருந்தான்."

"வுழலயா?"

"வுழல."

"அடிக்கலயா?"

"அடிக்கல."

"எவ்ளோ நேரம் நின்னான்?"

"அது எனக்குத் தெரியலக்கா."

"நிக்கட்டும்" என்றார் பெரியம்மா. "நல்லா நிக்கட்டும். நான் எவ்ளோ நேரம் நின்னிருக்கேன்."

மறுபடி அறுக்க ஆரம்பித்தார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு. பொடவை கலர மட்டும் மாத்திடு. மாம்பழக் கலர்னா நம்மூருக்காரிங்க எல்லாருக்கும் நான்னு தெரிஞ்சிடும். பச்சன்னு சொல்லு" என்றார்.

"சரிக்கா. பச்ச."

பெரியம்மா எழுந்து இடுப்பில் செருகியிருந்த மோட்டார் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "அண்ணன் தம்பி சண்டையில செடி இன்னா பண்ணிச்சி? போய்ப் போடு. கரண்ட் இருக்குது இப்ப. அவுரு கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லு. சொல்ல பயமா இருந்தா சொல்லாத, நானே சொல்லிக்கிறேன்."

கட்டைத் தலையில் தூக்கிவிட்டபோது, "ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்டி" என்றார். "பஸ்ஸுல ஜன்னலோரம் எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நகரி போய்த் திருப்பதி பஸ் ஏறினோம். பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தூர் தாண்டும் வரை வெளியேவே பார்த்துக்கொண்டு வந்தார். திருப்பதிக்கு அவர் வந்ததெல்லாம் மலைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும்தான். அண்ணனிடம் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். 

ஒரு காலேஜ் ரூமில் கூட்டம். நிறையப் பெண்கள், பின்வரிசையில் என்னைப் போல் சில ஆண்கள். அம்மா முறை வந்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "பஸ்ஸுல மைக் இல்லீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"ஒரு ஊர்ல ஒரு பொம்பள இருந்தா. அவகிட்ட ஒரே ஒரு நல்ல பொடவை இருந்துச்சி. பச்சப் பொடவை."

 தமிழ் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தெலுங்கில் முணுமுணுத்தார்கள். ஊக்கு குத்தின ஓட்டைகளை அவள் எண்ணுகிற இடத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள். மீசை மழிக்கிற இடத்தில் சிரித்தார்கள். வேண்டுதல் வைத்த இடத்தில் யாரும் அசையவில்லை. கடைசி வந்தது.

"எல்லாரும் போயிட்டாங்க. அவன் பொடவைய அவுத்துப் போட்டுட்டு தோச்சி வைன்னான். அவ குனிஞ்சி அந்தப் பச்சப் பொடவைய எடுத்தா..."

"பச்ச இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். மூன்றாவது வரிசையில் பெரியம்மா எழுந்து நின்றிருந்தார். முந்தானை நுனியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"பச்ச இல்லடி. மாம்பழக் கலரு. அரக்கு பார்டரு. சரியா சொல்லு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவரையே பார்த்தாள். கண் கலங்கும் என்று நினைத்தேன், கலங்கவில்லை. நாற்காலியை விட்டுவிட்டுக் கையைக் கீழே போட்டுக்கொண்டு சொன்னாள்: "அவ குனிஞ்சி அந்த மாம்பழக் கலர் பொடவைய எடுத்தா. கண்ணுல ஒத்திகினா. கட்டிகினா. வாசல்ல வந்து நின்னா. இப்ப நான் கட்டிகினேன், வா, வந்து கும்புடுன்னா. அவன் நின்னுகினே இருந்தான்."

கைதட்டல் உடனே வரவில்லை. இதை உனக்காகச் சொல்கிறேன், சின்னவனே. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகுதான் ஒவ்வொருத்தராகத் தட்டினார்கள்.

ஒரு அம்மா எழுந்து பெரியம்மாவைப் பார்த்து, "இது நெஜமா நடந்துதா?" என்று கேட்டார்.

"பொடவை நெஜம்" என்றார் பெரியம்மா. "மீதி எல்லாம் அவ."

"உங்க வீட்டுக்காரர் என்ன செஞ்சார்? விழுந்தாரா, நின்னாரா?"

"இன்னும் ஊட்டுக்குப் போவலயேம்மா" என்றார் பெரியம்மா. "போய்ப் பாத்துட்டு சொல்லி அனுப்பறேன்."

கூடமே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

திரும்பும்போது நம் ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றது. அண்ணன் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எந்த பஸ் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லிட்டாளா?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்லிட்டாண்ணா."

"கடைசி?"

"அப்படியேதான்."

என் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார்.  கடைசியில் என்னிடமே, "உன் பக்கம் நாளைக்கு முறை. சாவிய நீயே வெச்சிக்கோ" என்றார். பெரியம்மா பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டியை மெதுவாக எடுத்தார்.

வேர்க்கடலை காய் பிடித்தது. நம் பக்கம் கொஞ்சம் கருகித்தான் போனது, அந்த வருஷம் சுமார் விளைச்சல்தான். அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இந்த வருஷம் ஜாத்திரைக்கு முன்னால் அண்ணன், "பொடவைய எடுத்து வை" என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா, "வேண்டுதல் என்னுது, நிறுத்த மாட்டேன். வேஷத்தக் கட்டு. ஆனா என் பொடவை கெடையாது. உனுக்குன்னு ஒண்ணு நீயே போய் எடு" என்று சொல்லிவிட்டார். அண்ணன் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு புத்தூர் ஜவுளிக்கடைக்குப் போனார். கடைக்காரர் பாயை விரித்து, "யாருக்குண்ணா? அண்ணிக்கா, பாப்பாவுக்கா? நெறம் எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார்.

அண்ணன் தலையை நிமிர்த்தாமல், "எனக்கு" என்றார்.

கடைக்காரருக்கு ஜாத்திரை நினைவு வந்துவிட்டது போல. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துப் போட ஆரம்பித்தார். அண்ணன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், மடிப்பைப் பிரித்து முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் ஆனது. கடைசியில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் காதோரம் குனிந்து கேட்டார்: "டேய், இது தோச்சா சாயம் போவுமாடா? எதுல ஊற வெக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. "அண்ணியக் கேக்கணும்" என்றேன்.

"கேக்கறேன்" என்றார்.

அவர் கேட்டாரா, யார் துவைத்தார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அம்மா வேறு கதைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் இப்போது அடுத்தது ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்டால் எனக்கே சொல்ல மாட்டேன் என்கிறாள். சின்னவனே, நீ ஹாஸ்டலுக்குப் போனதும் உன் ரூமில் அந்தக் கதையை மறுபடி ஒரு தரம் சொல். அவனை விழ வைக்காதே. கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வரும், வராமலும் போகலாம். பரவாயில்லை, நிற்க வை.